வெல்டிங் வெச்சா ரிப்பேர் முடிஞ்சுதா?

போன செமஸ்டர் லீவில் நாமக்கல் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் பத்து நாள் நின்று வேலை பார்த்தேன். பார்த்தேன் என்றால் வேடிக்கை பார்த்தேன். சர்டிபிகேட் எதுவும் கிடையாது. ஆனால் அங்கே பார்த்த ஒரு உடைந்த பிராக்கெட் இன்னும் மண்டையைக் குடைகிறது.

நம்ம ஊரில் ஓடும் பெரிய லாரிகளில் இன்ஜின் கேபினுக்கு அடியில் இருக்கும். அதில் கை வைக்க வேண்டுமென்றால் கேபினையே முன்பக்கமாகக் கவிழ்க்கணும். அதற்கு ஒரு கை பம்ப் உண்டு. அடிக்க அடிக்க ஆயில் பிரஷரில் சிலிண்டர் நீண்டு கேபினைத் தூக்கும். அந்தச் சிலிண்டரின் அடியைச் சேஸிஸோடு பிடித்திருந்த பிராக்கெட்தான் பிளந்து கிடந்தது.

எவ்வளவு லோடு வரும் என்று ஒரு கணக்கு போடுவோம். கேபின் எடை 1,000 கிலோ, அதன் எடை மையம் முன்னால் இருக்கும் பிவட்டிலிருந்து 1 மீட்டர், சிலிண்டரின் விசைக்கும் பிவட்டுக்கும் செங்குத்துத் தூரம் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொமென்ட் எடுத்தால் தூக்க ஆரம்பிக்கும் நொடியில் பிராக்கெட்டுக்கு வருவது 4 டன். உள்ளங்கை அகல இரும்புக்கு இது சும்மா இல்லை.

ஓனர் சொன்னது ஒரே வரி: "வெல்டிங் வெச்சு உடுங்கண்ணே, ராத்திரி லோடு ஏத்தோணும்." அவரைக் குறை சொல்ல முடியாது. வண்டி நின்றாலும் தவணை நிற்காது. ஆனால் உடைந்த இடத்தைத் துடைத்ததும் தெரிந்தது, அங்கே ஏற்கனவே ஒரு பழைய வெல்டிங் இருந்தது. புது விரிசல் அதன் ஓரத்திலேயே ஓடியிருந்தது. அப்படியென்றால் முதல் ரிப்பேர் ரிப்பேரே இல்லை.

பெரிய மெக்கானிக் அண்ணன் வெல்டிங் மெஷின் பக்கமே போகவில்லை. நேராகப் பம்ப் லீவரைப் பார்த்தார். அது 'தூக்கு' பக்கம் திரும்பி இருந்தது. "இது இப்படியேதான் ஓடிட்டு இருந்துச்சா?" என்று கேட்டார். டிரைவர் தலையாட்டினார்.

விஷயம் இதுதான். இந்த மாதிரி லாரிகளில் கேபின் சஸ்பென்ஷன் மேல் உட்கார்ந்திருக்கும், ஓடும்போது மேலும் கீழும் ஆடும். லீவர் 'இறக்கு' பக்கம் இருந்தால் ஆயில் போய்வர வழி கிடைக்கும், சிலிண்டரும் கேபினோடு சேர்ந்து ஆடும். 'தூக்கு' பக்கம் இருந்தால் ஆயில் உள்ளேயே அடைபட்டு, சிலிண்டர் ஒரு கம்பி மாதிரி விறைத்து நிற்கும். அப்புறம் ஒவ்வொரு பள்ளமும் பிராக்கெட்டுக்கு ஒரு அடி. நாம் 'ஃபெட்டீக்' என்று பதினாறு மார்க்குக்கு எழுதுவது இதைத்தான். உடைந்த முகத்தில் ஒரு பாகம் வழவழவென்றும், கடைசியில் முறிந்த பாகம் சொரசொரவென்றும் இருந்தது. புத்தகத்தில் இந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கையில் இருந்தபோது எனக்கு அது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு நடந்த வேலையையும் சொல்கிறேன். கேபினைச் செயினில் தொங்கவிட்டு, முட்டுக் கம்பியும் கொடுத்தார்கள். பிராக்கெட்டைக் கழற்றினார்கள். வார்ப்பு பிராக்கெட்டாக இருந்திருந்தால் புதுசுதான் போட்டிருப்போம் என்றார் அண்ணன். இது தகடு என்பதால் பழைய வெல்டிங்கை முழுசாகக் கிரைண்ட் செய்து, விரிசலின் நுனியில் துளை போட்டு, 'வி' பள்ளம் எடுத்து, ஈரமில்லாத 7018 ராடில் இரண்டு பக்கமும் வைத்தார். தேய்ந்த பின்னும் புஷ்ஷும் மாற்றினார், போல்ட்டும் புதுசு. சேஸிஸ் மேல் நெருப்பு படவே விடவில்லை. பின்பக்க கேபின் லாக்கையும் செக் பண்ணினார். கூடுதலாக ஆன நேரம் அரை நாள்.

அந்த அரை நாள் வீண் என்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். அடுத்த தடவை அந்தக் கேபினைத் தூக்கி, அடியில் தலையை விடப்போவது ஓனர் இல்லை. பதினெட்டு வயசு ஹெல்பர் தம்பி. முட்டுக் கம்பி கொடுக்க மறந்த நாளில் அந்த வெல்டிங் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. அண்ணனுக்குக் காரணம் தெரியும், ஆனால் பக்கத்துப் பட்டறைக்குத் தெரியாது. நமக்கு தியரி தெரியும், ஆனால் உடைந்த பொருளைத் தொட்டதே இல்லை. நம்ம மெட்டீரியல்ஸ் லேபில் பளபளக்கும் டெஸ்ட் துண்டுகளை உடைத்து ரீடிங் எழுதுகிறோம். அதன் பக்கத்திலேயே ஒரு மேஜை போட்டு, பட்டறைகளிலிருந்து உடைந்த பாகங்களை எடை விலைக்கு வாங்கி வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 'எங்கே ஆரம்பித்தது, ஏன்?' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். செலவு ஒரு சிம்போசியத்தின் பேனர் காசு கூட ஆகாது.

முதல் பாகம் என்னிடம் தயார். அண்ணன் கிரைண்ட் செய்வதற்கு முன் பிளந்து விழுந்திருந்த ஒரு துண்டை எனக்குக் கொடுத்தார். ஹாஸ்டல் அறையில்தான் இருக்கிறது. மேஜை கிடைத்தால் கொண்டுவந்து வைக்கிறேன்.