கழுதைப்புலிக்கு வைக்காத விஷம்

போன மாதம் ஒரு விடிகாலை. மணி நாலு இருக்கும், மல்லித் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம். சத்தியமங்கலம் பக்கம் மல்லி போட்டவர்களுக்குத் தெரியும், மொட்டு விரிவதற்குள் பறித்து ஏலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். அதனால் நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வேலையை ஆரம்பித்துவிடுவோம். பறிக்க வந்த அக்கா ஒருவர் திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "தம்பி, அங்க வரப்பு மேல நிக்கிறது நம்ம நாயிங்களா?" என்று கேட்டார்.

நம்ம நாய் என் காலடியில் கிடந்தது. வாலை ஒடுக்கிக்கொண்டு, மூச்சு சத்தம்கூட இல்லாமல்.

தலையைத் திருப்பினேன். வெளிச்சத்தில் முதலில் கண் இரண்டும்தான் மின்னியது. அப்புறம் உருவம் தெரிந்தது. முன்பக்கம் உயரம், பின்பக்கம் தாழ்வு. முன்னங்கால் நீளமாகவும் பின்னங்கால் குட்டையாகவும் இருப்பதால் முதுகு சாய்ப்புக் கூரை மாதிரி பின்னால் இறங்கும். சாம்பலும் காய்ந்த புல்லும் கலந்த நிறம். உடம்பில் மேலிருந்து கீழாகக் கருப்பு வரிகள், காலில் குறுக்கு வரிகள். தொண்டையில் கரியைத் தேய்த்த மாதிரி ஒரு திட்டு. நுனி கூரான பெரிய காது. பெரிய நாட்டு நாயைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். எங்களைப் பார்த்ததும் பிடரியில் இருந்து வால் வரைக்கும் முடி நட்டுக்கொண்டு நின்றது, உருவம் ஒன்றரை மடங்கு ஆன மாதிரி. "பேயாட்டம் இருக்குதுங்க தம்பி" என்றார் அக்கா. உண்மையில் அது பயந்துபோயிருந்தது. பயம் வந்தால் தன்னைப் பெரிசாகக் காட்டிக்கொள்வது அதன் வழக்கம். அரை நிமிஷம் நின்றது, திரும்பியது, நொண்டுகிற மாதிரி ஒரு நடை நடந்து பள்ளத்துப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. நொண்டவில்லை. கால் அமைப்பினால் அதன் நடையே அப்படித்தான்.

இதைக் கோயமுத்தூரில் இருக்கும் என் பள்ளிக்கூடச் சிநேகிதனிடம் போனில் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "டேய், சிரிச்சுதா?"

லயன் கிங் படம் பார்த்த எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் வருகிறது. அந்தப் படத்தில் வருவது ஆப்பிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலி. கூட்டமாகத் திரிவது, சேர்ந்து வேட்டையாடுவது, சிரிப்பு மாதிரிக் கத்துவது எல்லாம் அது. நம் நாட்டில் இருப்பது வரிக் கழுதைப்புலி மட்டும்தான். இது பெரும்பாலும் சத்தமே போடாது. இரை தேடத் தனியாகத்தான் போகும். நாய் மாதிரித் தெரிந்தாலும் நாய்க்குச் சொந்தம் இல்லை. பூனை, கீரி, புனுகுப்பூனை எல்லாம் இருக்கிற பக்கத்து உறவு. பெயரில் கழுதையும் புலியும் இருந்தாலும் அவை இரண்டுக்கும் இது பிறந்ததில்லை, அதையும் ஒருத்தர் என்னிடம் கேட்டிருக்கிறார். தாளவாடிப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் இதைக் கத்தெ கிருபா என்பார்கள். அங்கேயும் கழுதை விடவில்லை.

தமிழ்நாட்டில் இது ஓரளவு நன்றாக இருக்கிற இடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் அதை ஒட்டிய சத்தியமங்கலம், முதுமலைக் காடுகளும்தான். காடு என்றதும் ஊட்டிச் சோலையை நினைக்காதீர்கள். இது மலைக்குப் பின்னால் மழை மறைந்துபோன பூமி. முள் மரம், பாறை, காய்ந்த புல், நடுவில் ஒரு ஆறு. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் "தரிசாக் கிடக்குது" என்பார்கள். கழுதைப்புலிக்கு இப்படிப்பட்ட இடம்தான் வேண்டும். பகலில் கரட்டுப் பாறை இடுக்கில் படுத்திருக்கும். ராத்திரி மைல் கணக்கில் நடக்கும். போகிற வழியில் புல் தண்டில் பின்பக்கத்தைத் தேய்த்து ஒரு பசையைத் தடவிவிட்டுப் போகும், அது இன்னொன்றுக்கு எழுதிவைக்கும் கடிதம். புலி, சிறுத்தை, செந்நாய் தின்று மிச்சம் வைத்ததைத் தேடிப் போகும். எலும்பை அப்படியே நொறுக்கித் தின்கிற தாடை அதற்கு. அதனால் அதன் சாணம் காய்ந்தால் சாக்கட்டி மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். ஆடு மேய்த்த பையன்களுக்கு இது தெரியும். நாங்கள் அதை எடுத்துப் பாறையில் கோடு போட்டு விளையாடியிருக்கிறோம். (அது என்னவென்று அப்போது தெரியாது.)

அப்பாரு காலத்தில் மாடு செத்தால் ஊருக்கு வெளியே பள்ளத்தில் இழுத்துப் போடுவார்கள். பகலில் பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கும், ராத்திரியில் இது வரும். மூன்றாம் நாள் கொம்புதான் மிஞ்சும். அப்புறம் கழுகு காணாமல் போயிற்று. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி, செத்த மாட்டின் உடம்பில் தங்கி, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று கண்டுபிடித்து, 2006-ல் அந்த மருந்தை மாட்டுக்குப் போடத் தடை செய்தார்கள். கழுகைப் பற்றி இன்றைக்கு எல்லோரும் பேசுகிறார்கள், நல்லது. அதே பந்தியில் கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்ட கழுதைப்புலியைப் பற்றித்தான் பேச்சே இல்லை. பார்க்க லட்சணமாக இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

எனக்குப் பதினாறு வயசு இருக்கும். சித்தப்பாவின் கன்னுக்குட்டியைச் சிறுத்தை அடித்துவிட்டது. பாதி தின்றுவிட்டு மிச்சத்தைப் புதரில் இழுத்துப் போட்டிருந்தது. அடித்த இடத்துக்குச் சிறுத்தை மறுநாள் ராத்திரி திரும்பி வரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா தொடைக்கறியைக் கீறி வாழைக்குப் போடுகிற குருணை மருந்தை உள்ளே அடைத்தார். டார்ச் பிடித்தது நான்.

காலையில் போய்ப் பார்த்தால் ஊர் நாய் இரண்டு, காக்கை ஏழெட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு கழுதைப்புலி. சிறுத்தை அந்தப் பக்கமே வரவில்லை. கழுதைப்புலி ஒரு பக்கமாகக் கிடந்தது. மடியில் பால் கட்டியிருந்தது. சித்தப்பா குச்சியால் தொட்டுப் பார்த்துவிட்டு, "குட்டி இருக்குமாட்ட இருக்குது" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து குழி தோண்டிப் புதைத்தோம். அது குட்டி வைத்திருக்கும் கரடு எது, எந்தப் பாறை இடுக்கு என்று ஆடு மேய்க்கிற யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதன் குட்டிகள் பல மாதம் பால் குடிப்பவை, பசித்தால் தாய் வரும்வரை உள்ளேயே கிடப்பவை. போய்ப் பார்க்கலாம் என்று சித்தப்பா சொல்லவில்லை. நானும் போகவில்லை.

சிறுத்தைக்கு வைத்த விஷத்தில் சிறுத்தை சாவதைவிட இது சாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். சிறுத்தைக்கு இரை கிடைக்க வேறு வழி இருக்கிறது, சந்தேகம் வந்தால் விட்டுவிட்டு இன்னொன்றை அடிக்கும். கழுதைப்புலிக்குப் பிழைப்பே பிறர் விட்டுவிட்டுப் போனதுதான். மோப்பம் பிடித்து எங்கிருந்தோ நடந்து வந்து அதைத்தான் தின்றாக வேண்டும். அழுகின கறி அதற்கு ஒன்றும் செய்யாது, ஆனால் குருணை மருந்து செய்யும். மாட்டை அடித்தது ஒன்று, அதற்குச் சாவது வேறொன்று.

அதற்காக இது ஆட்டுக்குட்டியைத் தொடவே தொடாது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். பட்டி அடைப்பு சரியில்லை என்றால் சின்னக் குட்டியைத் தூக்கும், தெரு நாயையும் பிடிக்கும். வளர்ந்த மாட்டின் கழுத்தைக் கவ்விக் கொல்கிற ஜாதி இது இல்லை. பக்கத்தில் நின்று எலும்பு கடித்துக்கொண்டிருக்கும்போது பார்த்துவிடுவதால் பழி இதன்மேல் விழுகிறது. நாய்கள் சுற்றி வளைத்துவிட்டால் செத்த மாதிரிக் கீழே விழுந்து கிடக்கிற சுபாவம் உள்ள மிருகம் இது.

இப்படி எழுதினால் நகரத்து நண்பர்கள், "கிராமத்து மக்களுக்கு விழிப்புணர்வு வேணும்" என்று கமெண்ட் போடுவீர்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே கோபம் வருகிறது. விழிப்புணர்வு இல்லாமல் யாரும் விஷம் வைப்பதில்லை. தப்பு என்று தெரிந்தேதான் வைக்கிறோம், சட்டப்படி உள்ளே போடுவார்கள் என்றும் தெரியும். அதனால்தான் ராத்திரியில் வைக்கிறோம். ஒரு கிடாரி போனால் இரண்டு வருஷப் பால் போகிறது. அதற்கு நஷ்டஈடு உண்டு என்று அரசாங்கமே சொல்கிறது. ஆனால் அது கைக்கு வரும்வரை பொறுத்திருக்கத் தெம்பு இல்லாதவனுக்கு, கடையில் கிடைக்கிற குருணை மருந்துதான் உடனே கிடைக்கிற நியாயம்.

போன மாதம் நான் அதைப் பார்த்ததற்கு இரண்டு நாள் முன்னால் பக்கத்துத் தோட்டத்து மாமாவின் கிடாரியைச் சிறுத்தை அடித்தது. காலையில் என்னிடம் வந்து நின்றார். "மாப்ள, வாழைக்குப் போடற குருணை இருக்குதா?" அவரிடம் வாழையே இல்லை. என் மோட்டார் ரூமில் ஒரு பொட்டலம் இருந்தது. "தீந்து போச்சுங்க மாமா" என்று பொய் சொல்லிவிட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு மனு கொடுக்கக் கூட்டிப் போனேன். போட்டோ, மாட்டு டாக்டர் சான்று, சிட்டா நகல், பாஸ்புக் நகல், ஆதார் நகல். ஒரு நகல் மங்கலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் ஆட்கள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். அதுவரைக்கும் செத்த மாட்டைத் தொடக்கூடாது என்று மாமா வெயிலில் காவல் இருந்தார், காவல் இருந்தது நான் அவருக்குக் காவல் இருந்ததையும் சேர்த்து. அப்புறம்தான் பள்ளத்து ஓரமாக இழுத்துப் போட்டோம். ஊசி எதுவும் போடாத மாடு என்பதால் புதைக்கவேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

புலியைக் காப்பாற்றக் கையெழுத்துப் போடுகிறவர்கள், எங்கள் பக்கம் சஃபாரி வந்து போட்டோ எடுத்துப் போகிறவர்கள், ஒரு தடவையாவது இதற்காகக் கையெழுத்துப் போடுங்கள்: மாடு செத்த வாரத்திலேயே பணம் வரட்டும். 2013-ல் சத்தியமங்கலத்தைப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். புலியும் சிறுத்தையும் நன்றாக இருந்தால் கழுதைப்புலிக்கும் மிச்சம் கிடைக்கும், அது உண்மைதான். ஆனால் அந்த மிச்சத்தில் எங்கள் மாடும் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்று, உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கரடு. காப்பகத்துக்கு வெளியே இருக்கிற மொட்டைப் பாறைக் குன்றுகளை யாரும் காடு என்று எண்ணுவதில்லை. வெடி வைத்து ஜல்லியும் எம்-சாண்டும் ஆக்கி லாரியில் ஏற்றிவிடுகிறோம். அது வருகிற இடம் உங்கள் அபார்ட்மெண்ட்தான், என் வீட்டு மாடிப்படியும்தான், மறுக்கவில்லை. கழுதைப்புலி குட்டி போடுவது அந்தப் பாறை இடுக்கில். மரம் வெட்டினால் திரும்ப நடலாம், கரட்டை நடமுடியாது. உலகம் முழுக்கச் சேர்த்தே வளர்ந்த கழுதைப்புலிகள் பத்தாயிரத்துக்கும் கீழேதான் என்று கணக்குச் சொல்கிறார்கள். மக்கள்தொகையில் அது எங்கள் பக்கம் இரண்டு மூன்று ஊராட்சிக்குக் காணும்.

அன்றைக்குப் பூப் பறித்து அனுப்பிவிட்டு, வெளிச்சம் வந்ததும் மாமாவைக் கூட்டிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் போனேன். பின்னங்கால் ஒன்று காணோம். விலா எலும்பு பாதி நொறுங்கியிருந்தது. மண்ணில் தடம், நாயைவிடப் பெரிசு, முன்காலின் தடம் பின்காலைவிட நன்றாகப் பெரிசு. மாமா குனிந்து பார்த்துவிட்டு, "இதுவா தின்னுது? அப்ப கன்னக் கடிச்சது வேற" என்றார். ஆமாங்க மாமா என்றேன். சித்தப்பா கதையை அவரிடம் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நாலாம் நாள் கொம்பும் மண்டையும் மட்டும் இருந்தது. நாற்றம்கூட இல்லை.

மனு கொடுத்து இன்றோடு முப்பத்திரண்டு நாள். பணம் வரவில்லை. நேற்று மாமா இன்னொரு கிடாரிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வரும் வழியில் என் தோட்டத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். போகும்போது மோட்டார் ரூம் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பொட்டலத்தை எடுத்து இடம் மாற்றி வைத்திருக்கிறேன்.