பொருந்தாத கதிரைகள்

இந்த மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று மனதை விட்டு அகலவில்லை. மீள்குடியேறிய சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டில் அவருக்கு நான்கு கதிரைகள், நான்கும் நான்கு விதம். ஒன்று முகாமில் கிடைத்த பிளாஸ்ரிக் கதிரை, ஒன்று வெளிநாடு போன அயலவர் கொடுத்த மரக்கதிரை, மற்ற இரண்டும் எப்படி வந்து சேர்ந்தன என்று அவருக்கே நினைவில்லை. யன்னல் சீலைகளும் அப்படித்தான். அடுத்த மாதம் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாதத் தவணைக்கு ஒரு சோபா செற் எடுக்கலாமா என்று கேட்கிறார். "இங்கிலிஸ்காரர் வீடு மாதிரி இல்லாவிட்டாலும் பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டாமா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அந்த இங்கிலிஸ்காரர் வீட்டைப் பற்றியே இம்முறை எழுதுகிறேன். எல்லாம் ஒரே மரம், ஒரே துணி, ஒரே நிறமாக இருப்பதுதான் ஆங்கிலப் பாணி என்று எம்மில் பலர் நினைக்கிறோம். தளபாடக் கடைக்காரரும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஆங்கிலேயர் தங்கள் பாரம்பரியப் பாணி என்று பெருமை பேசும் வீடுகளில் இரண்டு கதிரைகள் ஒன்றுபோல இருப்பதே அருமை. பாட்டன் வாங்கிய மேசை, பெரியதாய் விட்டுப்போன அலுமாரி, வெயிலில் மங்கிய பூச்சீலை, தோல் தேய்ந்த சாய்கதிரை எல்லாம் ஒரே அறையில் கிடக்கும். செற்றாக வாங்கி நிரப்பிய அறையைப் பழைய குடும்பத்தவர்கள் சற்று ஏளனமாகவே பார்ப்பார்கள். புதுப்பணக்காரர் வீடு என்பார்கள்.

வசதியான குடும்பங்களுக்கு முன்பு இரண்டு வீடுகள் இருந்தன. பாராளுமன்றம் கூடும் காலத்தில் இலண்டனில் இருப்பார்கள். அங்கே வீடுகள் ஒடுங்கியவை, சுவரோடு சுவர் ஒட்டியவை. சமையலறை நிலத்துக்குக் கீழே, சாப்பாட்டறை நிலமட்டத்தில், விருந்தினரை வரவேற்கும் பெரிய அறை முதல் மாடியில், வேலைக்காரப் பெண்கள் படுப்பது கூரைக்கடியில். நிலக்கரிப் புகை எல்லாவற்றிலும் கரியாகப் படியும். நகரத்துப் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1956இல்தான் வந்தது. கோடையில் நாட்டுப்புற மாளிகைக்குப் போய்விடுவார்கள். அங்கே தோட்டத்துப் பூக்கள், சேற்றுச் சப்பாத்து, நாய்கள். எனவே தோய்க்கக்கூடிய துணி, வெளிச்சமான நிறம், அழுக்கானாலும் மனம் நோகாத பொருட்கள். ஆட்கள் இல்லாத வீட்டில் பட்டுக்கதிரைகளைத் தூசியும் வெயிலும் தின்னாமல் இருக்க மலிவான பருத்தித் துணியிலும் லினன் துணியிலும் உறை தைத்துப் போர்த்துவார்கள். அந்த உறைதான் பின்னர் அழகுக்கென்றே தைக்கும் கழற்று உறையாக மாறியது. இவற்றையெல்லாம் துப்புரவாக வைத்திருந்தது யார் என்று கேட்கத் தேவையில்லை. வடித்த தேயிலைச் சக்கையைக் கம்பளத்தில் தூவி, தூசி கிளம்பாமல் கூட்டுவது அந்த வேலைக்காரப் பெண்களின் வழக்கம்.

அந்த மாளிகைகளின் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் கதையில் ஒரு பங்கு. தம் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆட்சியோடும் அடிமை வியாபாரத்தோடும் தொடர்புண்டு என்று பிரித்தானிய தேசிய நம்பிக்கை நிதியம் 2020இல் அறிக்கை வெளியிட்டது. அதை மறந்துவிட்டு அழகை மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை.

பூப்போட்ட திரைச்சீலையும் கதிரை உறையும் இல்லாமல் ஆங்கிலப் பாணி இல்லை. அந்தத் துணிக்கு அவர்கள் சொல்லும் பெயர் சின்ற்ஸ். எங்கள் அம்மம்மாமார் சீத்தை என்று சொன்னார்களே, அதேதான். அது ஆங்கிலேயரின் துணியே அல்ல. சோழமண்டலக் கரையில் கையால் எழுதி, படிகாரமும் மெழுகும் சாயமும் கொண்டு செய்த பருத்தித் துணி. தோய்த்தாலும் போகாத அதன் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. அந்த வேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணல் நிலத்தில் விளைந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அதைக் கிண்டுவது கும்பனியின் தனியுரிமை. அதற்கென்றே ஒரு சமூகத்தாரைக் கட்டாயமாக வேலை வாங்கினார்கள். கிண்டிய வேர் கடல் கடந்து சோழமண்டலச் சாயக்காரரிடம் போனது. தூரதேசத்துச் சீமாட்டியின் கட்டில் திரையில் எங்கள் மணலின் சிவப்பும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

சீத்தை மோகம் தலைக்கேறியபோது இங்கிலாந்து நெசவாளரின் பிழைப்புக் கெட்டது. இறக்குமதியைத் தடுக்க 1700இல் ஒரு சட்டம் வந்தது. அதுவும் போதாமல், 1719இல் இலண்டன் நெசவாளர்கள் தெருவில் சீத்தை உடுத்திப் போன பெண்களை மறித்து உடையைக் கிழித்தார்கள், அமிலம் வீசினார்கள். வயிற்றுக்கொதிப்பு நெசவாளருடையதுதான், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அடி விழுந்தது துணியை இறக்கிய வியாபாரிக்கல்ல, உடுத்திய பெண்ணுக்கு. 1721இல் வந்த சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையும் வீட்டில் தொங்கவிடுவதையுமே தடுத்தது. 1774 வரை அது நீடித்தது. அதன் பின்பும் இந்தியச் சீத்தைக்கு விடுதலை இல்லை. பெயர்பெற்ற நடிகர் டேவிட் கரிக்கின் மனைவிக்கு வந்த மசூலிப்பட்டினத்துக் கட்டில் சீலைகளைச் சுங்கத்தார் பறிக்க, அவர் 1775இல் அவற்றைத் திருப்பித் தரும்படி கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கட்டில் இன்றைக்கு இலண்டன் விக்ரோரியா அல்பேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்று ஆங்கில நாட்டுப்புற வீட்டுப் பாணி என்று சஞ்சிகைகள் காட்டும் அழகுக்கு உருக்கொடுத்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் நான்சி லங்காஸ்ரர். அவர் ஆங்கிலேயரே அல்ல, 1897இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் பிறந்தவர். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தோற்று வறண்ட மாநிலம் அது. போருக்கு முந்திய திரைச்சீலை கிழியும்வரை தொங்கும் வீடுகளைப் பார்த்து வளர்ந்த அவருக்கு மங்கிய துணியிலும் தேய்ந்த மரத்திலும் ஒரு பிடிப்பு இருந்தது. அடிமைகளின் உழைப்பில் எழுந்த வீடுகள் அவை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மற்றவர் ஜோன் பௌலர். இலண்டன் கடையொன்றில் தளபாடங்களுக்கு வர்ணம் தீட்டி முன்னுக்கு வந்தவர். நான்சியின் வீடான டிச்லி பார்க்கில்தான் 1940 நொவம்பர் முதல், நிலவு வெளிச்சத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்த வார இறுதிகளில், பிரதமர் சேர்ச்சில் தங்கினார். பௌலர் வேலை செய்த அலங்கார நிறுவனத்தை நான்சி 1944இல் வாங்கினார்.

ஆண்டைக் கவனியுங்கள். போர் முடியவில்லை. 1941 யூன் முதல் துணிக்குக் கூப்பன். 1942 முதல் தளபாடத்துக்கும் கட்டுப்பாடு. புதிதாக மணம் முடித்தவர்களுக்கும் குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்குமே அனுமதிச் சீட்டு, அதுவும் அரசாங்கம் அனுமதித்த எளிய வடிவங்களில் மட்டும். கூப்பன் வரிசையில் நின்ற எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பௌலர் இராணுவக் கம்பளிகளுக்குச் சாயம் போட்டுத் திரை தைத்தார். பழைய நடன உடைகளைப் பிரித்து மெத்தை உறையாக்கினார். கிடைத்ததை வைத்துச் சமாளித்த அந்தக் கைப்பழக்கமும் இந்தப் பாணிக்குள் கலந்திருக்கிறது. பிற்காலத்தில் பணக்காரர்கள் புதுத்துணியைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து, வேண்டுமென்றே மங்கவைத்துத் தொங்கவிட்டார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. எங்களிடம் மங்கிய துணி சும்மாவே இருக்கிறது.

ஆகவே சகோதரிக்கு என் பதில்: சோபா செற் வேண்டாம். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே 2018இல் முன்வரும் அளவுக்குத் தவணைகள் எங்கள் பெண்களை நெரித்தன. பெண் பார்க்க வருபவர்கள் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவார்கள். தவணைக்காரர் மாதாமாதம் வருவார்.

நான்கு கதிரைகளையும் ஒன்றுபோல ஆக்க முயலாமல், அவற்றின் மேல் போடும் துணியை மட்டும் ஒன்றாக்குங்கள். பழைய பருத்திச் சேலை ஒன்று எடுங்கள், வாயில் சேலை தாங்காது. முதலில் தோய்த்துக் காயவிடுங்கள், சுருங்குவது தைக்குமுன் சுருங்கட்டும். கதிரையின் இருக்கையை அளந்து, சுற்றிவர ஒரு அங்குலம் கூட்டி வெட்டி, இரண்டு மடிப்பாகத் தையுங்கள். மூலைகளில் நாடா வைத்துக் காலோடு கட்டினால் சிப் தேவையில்லை, கழற்றித் தோய்க்கவும் சுகம். சேலையின் கரையை வீணாக்காமல் ஓரத்தில் வைத்துத் தைத்தால் எடுப்பாக இருக்கும். யன்னல் சீலைகள் வெள்ளையோ வெளிர் நிறமோ என்றால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஒரே சாயத்தில் போடுங்கள். பருத்தி நன்றாகப் பிடிக்கும், பொலியெஸ்ரர் கலந்தது சரியாகப் பிடிக்காது.

மிஞ்சும் துண்டுகளுக்கும் ஆங்கிலப் பெண்களிடம் ஒரு வழி இருக்கிறது. பழைய கடதாசியில் ஒரே அளவான அறுகோணங்கள் வெட்டி, துணித்துண்டை அதன் மேல் மடித்து நூலோட்டி, ஓரங்களை ஒன்றோடொன்று நெருக்கமாகத் தைத்துப் போர்வை செய்வார்கள். எல்லாம் பொருந்திய பிறகு நூலோட்டத்தை இழுத்துக் கடதாசியை எடுத்துவிடலாம். முடிக்காமல் விட்ட சில பழைய போர்வைகளில் கடதாசி அப்படியே இருக்கிறது. அவை கடிதங்கள், கடைக்கணக்குகள், பிள்ளைகளின் கொப்பித் தாள்கள். அவற்றில் உள்ள திகதியைப் பார்த்துத்தான் போர்வையின் வயதைக் கணிக்கிறார்கள்.

கொப்பி மட்டை அளவு தடிப்பான கடதாசி நல்லது. ஒரு பக்கம் ஒன்றரை அங்குலம் என்றால் கைக்கு அடங்கும். முதல் அறுகோணத்தைக் கவனமாக வெட்டி, மற்றவற்றையெல்லாம் அதன் மேல் வைத்தே வெட்டுங்கள். வெட்டியதன் மேல் வெட்டியதை வைத்துக்கொண்டு போனால் பத்தாவது துண்டில் அளவு பிசகிவிடும்.