தேக்காவுக்கு மேலே குடியிருப்பது யார்?

சனிக்கிழமை காலை சிங்கப்பூரின் பொங்கோலில் வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறினால் பத்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. மடித்த துணிப்பையைக் கையில் வைத்திருப்பவர்களைப் பார்த்தாலே எங்கே இறங்கப் போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி, மீன், முருங்கைக்கீரை, வாழையிலை. வெளியே வந்தால் இரண்டு முழம் மல்லிகை. நேரம் இருந்தால் சிராங்கூன் சாலையில் 1947 முதல் இருக்கும் கோமள விலாசில் ஒரு தோசை. பதினொரு மணி ரயிலில் அதே முகங்கள் திரும்பிப் போகும். பைகள் மட்டும் கனத்திருக்கும். மீனுக்குப் போட்ட ஐஸ் உருகுவதற்குள் வீடு சேர வேண்டும்.

சந்தையை ஒட்டி எழுந்து நிற்கும் பஃப்ளோ ரோடு அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பயணமே கிடையாது. ரப்பர் செருப்போடு மின்தூக்கியில் இறங்குகிறார்கள், கறிவேப்பிலை வாங்குகிறார்கள், அடுப்பில் எண்ணெய் காய்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அப்படி வாழ்பவர்கள் மிகக் குறைவு. லிட்டில் இந்தியா என்று உலகம் படமெடுக்கும் தேக்காப் பேட்டையில் இரவு படுத்து உறங்குபவர்கள் இவ்வளவு குறைவாக இருப்பது நல்லதல்ல.

நகரமா, புறநகரா, கிராமமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் எழுந்தால் மூன்று வேறு வாழ்க்கைகள் கண்முன் வரும். மொத்தமே 735 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிங்கப்பூரில் கிராமம் என்ற பதில் ஏறக்குறைய அழிந்துவிட்டது. தீவின் பெருநிலத்தில் எஞ்சியிருக்கும் ஒரே கம்பம், அதாவது கிராமம், லோரோங் புவாங்கோக். தகரக் கூரை வீடுகளில் ஏறத்தாழ 25 குடும்பங்கள்; சுற்றிலும் அடுக்குமாடிகள். கம்ப வாழ்க்கையைப் பற்றி ஏங்கிப் பேசுபவர்கள் 1961 மே 25ஐயும் நினைவில் கொள்ள வேண்டும். அன்று புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), அந்தச் சாம்பல் மேட்டின்மேல் அடுக்குமாடிகளை எழுப்பியது. இன்று சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் வீவக வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

தமிழர்கள் தேக்காவை விட்டுப் புறநகருக்குப் போனார்கள் என்று பொதுவாகச் சொல்வதும் முழு உண்மையல்ல. பலர் தொடக்கத்திலிருந்தே வெளியேதான் இருந்தார்கள். 1938இல் திறக்கப்பட்ட செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் வேலை செய்து, தளத்தின் குடியிருப்புகளிலேயே பிள்ளைகளை வளர்த்தார்கள். பிரிட்டிஷார் 1971இல் வெளியேறினர். அந்தக் குடியிருப்புகளும் காலப்போக்கில் கலைந்தன. கான்பரா சாலையில் இருந்த புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இப்போது ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்க அங்கே திரளும் கூட்டத்தில் பழைய கடற்படைத் தளக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம்.

புறநகரைக் குறை சொல்வதற்கில்லை. ஈசூன், உட்லண்ட்ஸ், செங்காங், பொங்கோல் எல்லாம் காற்றோட்டமுள்ள, பள்ளிகளும் பலதுறை மருந்தகங்களும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள நகரங்கள். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அவை நல்ல இடம். அதை மறுப்பது நேர்மையாகாது. கோயிலும் கூடவே வந்துவிட்டது, இந்திய மளிகைக் கடையும் வந்துவிட்டது. வராதது ஒன்று உண்டு: வீட்டு வாசலில் தமிழைக் கேட்டபடி வளரும் தெரு. அதற்கு ரயிலேற வேண்டியிருக்கிறது.

இது எப்படி நேர்ந்தது? 1989இல் இரண்டு முடிவுகள் நடப்புக்கு வந்தன. மார்ச் மாதம் இன ஒருங்கிணைப்புக் கொள்கை. ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்பதற்கு வரம்பு வந்தது. இந்தியர், இதர இனத்தவருக்கு இப்போதைய வரம்பு பேட்டையில் 12 விழுக்காடு, புளோக்கில் 15. அதே ஆண்டு ஜூலையில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. மக்கள் தீவெங்கும் பரவலாகக் குடியிருக்க வேண்டும் என்றது ஒரு முடிவு. இந்தக் கட்டடங்கள் இங்கேயே நிற்க வேண்டும் என்றது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனியே நியாயம் இருந்தது. 1964இன் இனக் கலவரங்களைக் கண்ட நாடு, இனவாரியான குடியிருப்புகளைக் கண்டு அஞ்சியதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் சேர்ந்தபோது, சுவரும் கூரையும் காக்கப்பட்டன. அவற்றுக்குள் வாழ்ந்தவர்களைப் பற்றிய சிந்தனை விடுபட்டுப்போனது.

கடைவீடு என்ற சொல்லிலேயே கடையும் இருக்கிறது, வீடும் இருக்கிறது. கீழே மளிகையும் மாவு மில்லும், மேலே குடும்பம். 1947 முதல் நடப்பில் இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் முற்றாக நீக்கப்பட்டது. குறைந்த வாடகையில் மாடியில் இருந்தவர்கள், சந்தை விலை கேட்கப்பட்டபோது நகர்ந்தார்கள். புதுப்பிக்கப்பட்ட மாடிகள் பலவற்றில் இன்று தங்கும் விடுதியோ அலுவலகமோதான்.

எங்கே குடியிருப்பது என்று தேர்ந்தெடுக்கவே முடியாதவர்களும் இந்த வட்டாரத்துக்கு உரிமை உள்ளவர்கள்தாம். துவாஸ், கிராஞ்சி பக்கத்து விடுதிகளில் தங்கியிருக்கும் தமிழ்நாட்டு, பங்ளாதேஷ் தொழிலாளர்களுக்கு ஞாயிறு மாலையில் இதுவே நகரம், இதுவே ஊர். பணம் அனுப்பிவிட்டு, முடி வெட்டிக்கொண்டு, புல்தரையில் உட்கார்ந்து வீட்டுக்குக் காணொளி அழைப்பில் பேசுகிறார்கள். 2020இல் கோவிட் தொற்றால் விடுதிகள் அடைக்கப்பட்ட மாதங்களில், அந்தப் புல்தரை வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்த கடைக்காரர்களுக்குத் தெரியும், இந்தப் பேட்டையின் உயிர் யார் கையில் இருக்கிறது என்று.

பேட்டைக்குள் வீடுகளைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று பக்கத்திலிருக்கும் ரோச்சோர். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நான்கு புளோக்குகளாக நின்ற ரோச்சோர் சென்டரில் 500க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. வடக்கு-தெற்கு விரைவுச்சாலைக்காக அவர்கள் வெளியேற வேண்டும் என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. 2018இல் புளோக்குகள் இடிக்கப்பட்டன. ஆனால் 2021 நவம்பரில், அதே வட்டாரத்தில், முதன்மை வட்டாரப் பொது வீடமைப்பு முறையின் முதல் திட்டம் விற்பனைக்கு வந்தது. விதிகள் கடுமை. வழக்கமான ஐந்து ஆண்டுகளுக்குப் பதில் பத்து ஆண்டுகள் குடியிருந்த பிறகே விற்கலாம். முழு வீட்டை வாடகைக்கு விட முடியாது. முதல்முறை விற்கும்போது விலையில் ஆறு விழுக்காட்டை அரசுக்குத் திருப்பித் தர வேண்டும். வாங்குபவருக்கும் வருமான வரம்பு உண்டு. இந்தக் கடுமை சரியானது. நடு நகரில் மக்கள் பணத்தில் கட்டும் வீடு, வாழ வந்தவருக்குப் போக வேண்டும். லாட்டரி அடித்ததுபோல் விற்றுவிட்டுப் போகிறவருக்கு அல்ல.

அடுத்தது ஃபேரர் பார்க். 1933 வரை குதிரைப் பந்தயத் திடலாக இருந்த நிலம். 1942 பிப்ரவரி 17 அன்று, ஜப்பானியரிடம் சரணடைந்த ஏறத்தாழ 45,000 இந்தியப் படைவீரர்கள் அங்கே திரட்டப்பட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை தொடங்குவது அங்கிருந்துதான். அங்கே சுமார் 1,600 பொது வீடுகள் கட்டப்படும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. தேக்கா அங்கிருந்து நடக்கும் தூரம்.

அவற்றில் கணிசமான பங்கு முதியவர்களுக்கான ஈரறை வீடுகளாக இருக்க வேண்டும். 55 வயதைக் கடந்தவர்கள் 15 முதல் 45 ஆண்டு வரையிலான குறுகிய குத்தகையில் அத்தகைய வீட்டை வாங்க ஏற்கெனவே வழி இருக்கிறது. உட்லண்ட்ஸில் 2018இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்டியில் 104 முதியோர் வீடுகளும், உணவங்காடியும், மருத்துவ நிலையமும், குழந்தைப் பராமரிப்பு நிலையமும் ஒரே கட்டடத்தில் அடுக்கப்பட்டுள்ளன. அதே ஏற்பாட்டை, தமிழிலேயே மருந்துக்கடையில் பேசி, தமிழிலேயே பூக்காரரிடம் பேரம் பேசக்கூடிய ஒரு பேட்டைக்கு அருகில் செய்தால் என்ன? இது தமிழருக்கு மட்டும் தனி வீடு கேட்பதாகாது. இன வரம்பு அங்கும் இருக்கும். சீன, மலாய்க் குடும்பங்களும் இருக்கும், தேக்கா என்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

இளம் தம்பதியருக்குக் கணக்கு வேறு. தெங்கா புறநகரில் முன்பதிவின்பேரில் கட்டப்படும் புதிய பிடிஓ வீடா, நகருக்கு அருகில் குத்தகை கரைந்துகொண்டிருக்கும் பழைய மறுவிற்பனை வீடா என்று தவிப்பவர்கள் சதுர அடியையும் மாதத் தவணையையும் எழுதிப் பார்க்கிறார்கள். அந்தத் தாளில் இன்னொரு வரியும் வேண்டும்: பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால், அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடியவர் யார்? பெற்றோர் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் தகுதியுள்ள குடும்பத்துக்கு 20,000 வெள்ளியும், அவர்களோடு சேர்ந்து வாழ வாங்குவோருக்கு 30,000 வெள்ளியும் அரசே மானியம் தருகிறது. பாட்டி ஈசூனில் இருந்தால் ஈசூன்தான் நடு நகரம்.

ஆனால் அந்தப் பாட்டியைக் கேட்டால் அவர் வேறு இடம் சொல்லக்கூடும். வாரம் ஒருமுறை பேத்தி துணையோடு ரயிலேறி வந்து, படியிலும் நகரும் படிக்கட்டிலும் தடுமாறி, கனத்த பையோடு திரும்பும் பெண்கள் எத்தனையோ பேர். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில் ஓர் ஈரறை வீடு கிடைத்தால், வெள்ளிக்கிழமை மாலையில் அவர்கள் யார் துணையும் இல்லாமல் நடந்துபோய்க் கும்பிட்டுவிட்டு, வரும் வழியில் அரைக் கட்டு முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.