விளையாட்டு வேளையைப் பறிக்கலாமா?

பரீட்சை நெருங்கியதும் நம் இல்லங்களில் முதலில் பூட்டி வைக்கப்படுவன பந்தும் மட்டையுமே. "உயர்தரம் முடியட்டும், பிறகு விளையாடலாம்" என்கிறோம். பாடசாலை விட்டதும் ரியூசன் வகுப்பு; அது முடிந்ததும் மேசை விளக்கு. இவ்வாறு மிச்சம் பிடித்த நேரம் உண்மையில் படிப்புக்குத்தான் போய்ச் சேருகின்றதா என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மாதக் கணக்கில் ஓய்வின்றிப் படித்த பிள்ளை, ஒருநாள் புத்தகத்தை விரித்தபடி வெறுமனே அமர்ந்திருக்கும். சோம்பல் எனக் கடிந்து கொள்கிறோம். அது கல்விச் சோர்வாக இருக்கக்கூடும். 2002 ஆம் ஆண்டில் வில்மார் சௌபெலி முதலிய உளவியலாளர், பல்கலைக்கழக மாணவரை ஆராய்ந்து இச்சோர்வை மூன்று கூறுகளாக அளந்தனர்: படிப்பால் வரும் களைப்பு, படிப்பின்மீது கசப்பு, தன்னால் இயலாது என்னும் எண்ணம். இம்மூன்றும் நம் வீட்டுப் பிள்ளைகளிடத்தும் தோன்றக் கூடியனவே.

உடலியக்கம் மிகுந்த மாணவரிடம் இச்சோர்வு குறைவாகக் காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. சோர்ந்த பிள்ளை விளையாட வராது என்பதும் உண்மையே; விளையாடாதபோது சோர்வு மேலும் வளரும். ஓடியாடிய உடல் இரவில் நன்கு உறங்கும். உறக்கமே கற்றதை மனத்தில் நிலைநிறுத்தும். நேற்று ஓட இயலாத தூரத்தை இன்று ஓடி முடித்த பிள்ளைக்குத் தன் முயற்சியில் நம்பிக்கை பிறக்குமன்றோ? 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்கவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020 இல் விதந்துரைத்தது. பரீட்சைக்குத் தோற்றுவோருக்கென அதில் விலக்கு எதுவுமில்லை.

ஆயினும், கிண்ணம் வென்று வா என நெருக்கினால் விளையாட்டும் மற்றொரு பாடமாகிவிடும். கிளித்தட்டோ, துவிச்சக்கர வண்டியோ, மாலை நடையோ, பிள்ளை விரும்புவதே பயன் தரும். பெண்பிள்ளைகளுக்கும் இவ்வுரிமை உண்டு. வயது வந்ததும் அவர்களை வீட்டோடு நிறுத்திவிடுதல் முறையன்று. உறக்கத்தைக் குறைத்து விளையாட்டைச் சேர்ப்பதிலும் பயனில்லை. குறைக்க வேண்டியவை வகுப்புகளே. வாரக்கணக்கில் சோர்வு நீங்காதிருப்பின் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

பெற்றோர்களே, அடுத்த வாரத்து நேரசூசியை எழுதும்போது மாலை 5 மணிக்கு எதிரே ஒரு கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அந்த ஒரு மணி நேரம் படிப்பெனும் பயிருக்கு நாம் இடும் பசளையாகும்.