வண்ணத்துக்கு அரசியல் இல்லையாம்

போர்விமானச் சிற்றுருக்களைச் செய்வோரிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு வாதம் உண்டு: “வண்ணத்துக்கு அரசியல் இல்லை, பொருளைத் துல்லியமாகச் செய்வது மட்டுமே வேலை.” இதைப் பொய்யாக்குவது அவர்களுடைய தூரிகையே.

இரண்டாம் உலகப் போரில் இந்திய–பர்மிய முனையில் பறந்த பிரித்தானிய விமானங்களின் வட்டச் சின்னத்திலிருந்து நடுவிலிருந்த சிவப்பு நீக்கப்பட்டது. ஜப்பானிய விமானங்களின் செஞ்சூரியனோடு அது குழம்பிவிடக் கூடாது என்பதே காரணம். பர்மிய ஸ்பிட்ஃபயர் ஒன்றில் அந்தச் சிவப்பு எஞ்சியிருந்தால் தேர்ந்த கலைஞர் உடனே பிழை என்பார். அவர் அங்கே திருத்துவது வண்ணத்தை மட்டுமா?

ஐதராபாத்தில் இவ்வாதம் இன்னும் வலுவிழக்கிறது. 1940இல் இங்கிலாந்தின் வாம்வெல் தளத்திலிருந்து ஸ்பிட்ஃபயர்களைப் பறக்கவிட்ட 152ஆம் படைப்பிரிவு இந்நகரின் பெயரையே தாங்கியது. அதன் இலச்சினையில் இருந்தது நிஜாமின் தலைப்பாகை. இப்பிரிவே பின்னர் பர்மா முனைக்கு வந்து, வட்டச் சின்னத்தின் குறுக்கே பாயும் கருஞ்சிறுத்தையை வரைந்துகொண்டது. (சிறுத்தைக்காக மட்டும் இவ்விமானத்தைத் தேர்வோர் பலர், அதில் குற்றமில்லை, அழகான சிறுத்தைதான்.) முதல் உலகப் போரிலும் 110ஆம் பிரிவின் டிஎச்.9ஏ குண்டுவீச்சு விமானங்கள் நிஜாம் மீர் உஸ்மான் அலிகானின் கொடையாகவே சென்றன. ஒவ்வொன்றிலும் அக்கொடை எழுத்தில் பொறிக்கப்பட்டது. அவற்றுள் எஃப்1010 என்னும் ஒன்று 1918 அக்டோபரில் ஜெர்மானியர் கையில் சிக்கி, போலந்தின் கிராக்கோவில் நெடுங்காலம் கிடந்து, இன்று லண்டனிலுள்ள வான்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அப்பொறிப்பு கொடையாளர் என்று நிஜாம் ஒருவரையே சுட்டுகிறது. நிலவரியும் கலால்வரியும் செலுத்திய உழவர் அதில் இல்லை. ஜாகீர்தார்களுக்கும் தேஷ்முக்குகளுக்கும் கூலியின்றி ‘வெட்டி’ வேலை செய்த தெலங்கானாக் குடிகளும் இல்லை. அம்மக்கள் 1946இல் ஆயுதமேந்தினர். ஐந்தாயிரம் பவுண்டு கொடுத்தால் ஒரு ஸ்பிட்ஃபயருக்குப் பெயர் சூட்டலாம் என்ற அக்காலக் கணக்கில், அந்தப் பவுண்டு எவர் வயலில் விளைந்தது என்ற வினாவுக்கு இடமே வைக்கப்படவில்லை.

இதனால் சிற்றுருக் கலையே போர்வெறி என்று இகழ்வோர் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீளம் ஏறத்தாழ 15.6 செ.மீ. அதன் மேல் ஒரு மயிரிழைக் கோட்டுக்காக மாலை முழுவதும் குனிந்திருப்பவர், போரை மேடையிலிருந்து முழங்குபவரைவிட அதைக் கூர்ந்து நோக்கியவர். அந்நோக்கு அரைவழியில் நின்றுவிடுவதே குறை. பச்சையின் சாயல் பற்றி இரவெல்லாம் வழக்காடுவோருக்கு, ‘ஐதராபாத்’ என்ற ஒட்டெழுத்தைத் தண்ணீரில் நனைத்துப் பதிக்கும்போது மட்டும் ஏன் ஐயம் எழுவதில்லை?

கண்காட்சி மேசையில் சிற்றுருவின் முன் வைக்கும் அட்டையில் விமான வகை, படைப்பிரிவு, ஆண்டு, பயன்படுத்திய வண்ணங்களின் எண்கள் ஆகியவை எழுதப்படுகின்றன. விமானத்துக்கான பணம் வந்த வழியையும் குறிக்க, அதில் இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கிறது.