சில்லுக் கட்டப் பழகும் வாடிக்கையாளர்

சைக்கிள் சாமான் விற்கும் நம் சகோதரர்கள் சிலருக்கு, வீட்டில் தானே சில்லுக் கட்டப் பழகுபவரைக் கண்டால் பிடிப்பதில்லை. றிம் நெளிந்து வந்தால் முழுச் சில்லையே விற்றுவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அது சரியாகப் படவில்லை.

1990களின் பொருளாதாரத் தடையில் எரிபொருளில்லாத யாழ்ப்பாணத்தைச் சுமந்தது சைக்கிள்தான். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோதும் பழைய சைக்கிள்கள் மீண்டும் தெருவுக்கு வந்தன. திருத்தத் தெரிந்த கைகள் அப்போது தேவைப்பட்டன.

வேலை பழகக்கூடியதே. பழைய பெரிய சைக்கிளின் பின்சில்லுக்கு 40 கம்பி, முன்சில்லுக்கு 32. இடப்பக்கக் கம்பியை இறுக்கினால் றிம் இடப்பக்கம் சாயும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சட்டத்தில் ஒரு வெண்கட்டியை ஊன்றிப் பிடித்துச் சில்லைச் சுற்றினால் நெளிந்த இடத்தில் கோடு விழும். நிப்பிளைக் கால் சுற்றாகத்தான் திருப்ப வேண்டும். அவசரக்காரனின் சில்லு முட்டை வடிவமாகும்!

இவருக்குக் கம்பியை எண்ணிச் சில்லறையாகக் கொடுங்கள். றிம், நிப்பிள், கிறீஸ் என்று அடுத்த முறையும் உங்களிடமே வருவார். ஆனால் பழைய கம்பியை வாங்கி நீளத்தை அளந்து கொடுங்கள். சில மில்லிமீற்றர் கூடினாலும் நுனி துருத்தி ரியூப்பைக் குத்தும். பழி கடைக்குத்தான் வரும்.