தராசு நடுவில் நிற்கட்டும்



பங்களாதேஷ் தேர்தலைப் பற்றி விருத்தாசலத்து மளிகை மொத்த வியாபாரி எழுத என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். என் மகனும் அதைத்தான் கேட்டான். "பெல்லாரி வெங்காயம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். நம் நாட்டு வெங்காயத்தை அதிகமாக வாங்கும் நாடுகளில் பங்களாதேஷும் ஒன்று. பெட்ராபோல் எல்லையில் லாரி நின்றால் நாசிக்கில் விலை ஆடும். நாசிக்கில் ஆடினால் நம் கடைத்தெருவிலும் ஆடும். 2023 டிசம்பர் 8ஆம் தேதி மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டவுடன் அங்கே விலை எகிறியது. 2024 மார்ச்சில் பங்களாதேஷுக்கென்று 50,000 டன் அனுப்ப அனுமதி கொடுத்தார்கள். ஆகவே அந்த நாட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருடைய கவலை நமக்கு அந்நியமானது அல்ல.

ஆனால் நான் எழுத வந்தது வெங்காயத்தைப் பற்றி அல்ல. நியாயமான தேர்தல் நடத்துங்கள் என்று வெளிநாட்டார் வந்து புத்தி சொன்னால் அதனால் பலன் உண்டா? அந்த அனுபவத்தில் நம் சங்கத்துக்கு ஏதாவது பாடம் இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விகள்தான் சில நாட்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்த நாட்டின் கணக்கைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒரு பக்கம் ஷேக் ஹசீனாவின் அவாமி லீக், மறுபக்கம் கலீதா ஜியாவின் தேசியவாதக் கட்சி. 1991 முதல் இரண்டு அம்மையார்களும் மாறி மாறி ஆண்டார்கள். தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை, ஜெயித்தவர் தோற்றவரை வாழவிடுவதில்லை. 1994இல் மகுரா என்ற ஊரில் நடந்த இடைத்தேர்தலில் முறைகேடு என்று சண்டை மூண்டது. சமாதானம் பேச காமன்வெல்த் அமைப்பு, ஆஸ்திரேலியாவின் முன்னாள் கவர்னர் ஜெனரல் சர் நினியன் ஸ்டீபனை அனுப்பியது. பெரிய மனிதர், சட்டம் தெரிந்தவர். வாரக்கணக்கில் தங்கிப் பேசிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

பிறகு வழி பிறந்தது வெளியிலிருந்து அல்ல. 1996 பிப்ரவரி தேர்தலை எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. நாடு ஸ்தம்பித்தது. வேறு வழியில்லாமல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, தேர்தல் காலத்தில் கட்சி சார்பற்ற காபந்து அரசு இருக்கும், ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி அதற்குத் தலைமை தாங்குவார் என்று ஏற்பாடு செய்தார்கள். அந்த ஏற்பாட்டில் 1996 ஜூன், 2001, 2008 என்று மூன்று தேர்தல்கள் நடந்தன. மூன்றிலும், அதற்கு முன் ஆட்சியில் இருந்த கட்சி தோற்றது. கடைக்காரரும் வாங்க வந்தவரும் ஒப்புக்கொண்ட தராசு அது.

அந்தத் தராசிலும் கை வைக்கப் பார்த்தார்கள். காபந்து அரசுக்கு யார் தலைவர் என்பதிலேயே 2006இல் தகராறு வந்தது. 2007 ஜனவரி 22ஆம் தேதி தேர்தல் என்று இருந்தபோது, ஜனவரி 11ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபையும் ஐரோப்பிய யூனியனும் தங்கள் தேர்தல் பணிகளை நிறுத்திக்கொண்டன. அன்றைக்கே நெருக்கடி நிலை வந்தது. ராணுவத்தின் பின்பலத்தில் ஓர் அரசு ஏறக்குறைய இரண்டு ஆண்டு நடந்தது. அந்தக் காலத்தில் நடந்த உருப்படியான வேலை, வாக்காளர் பட்டியலைப் புதிதாக எழுதியதுதான். பழைய பட்டியலில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் கூடுதலாக இருந்ததாக ஆய்வில் தெரிந்திருந்தது. போட்டோ ஒட்டி எட்டுக் கோடிப் பேருக்குப் பட்டியல் தயாரித்தார்கள். இருப்புப் புத்தகம் பொய்யாக இருந்தால் மேலே எத்தனை கணக்கு எழுதி என்ன பயன்?

2011இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் காபந்து அரசு முறை செல்லாது என்றது. இன்னும் இரண்டு தேர்தல்களை அதன்படி நடத்தலாம் என்று ஒரு வழியும் காட்டியிருந்தது. ஆளுங்கட்சி அந்த வழியை எடுக்கவில்லை. தராசையே தூக்கி உள்ளே வைத்துவிட்டது. விளைவு, 2014 ஜனவரித் தேர்தலை எதிர்க்கட்சி புறக்கணித்தது. 300 தொகுதிகளில் 153 தொகுதிகளில் போட்டியே இல்லை. ஒரு ஓட்டு விழுவதற்கு முன்பே பெரும்பான்மை வந்துவிட்டது! 2018இல் எதிர்க்கட்சி போட்டியிட்டும் பத்து இடங்களைத் தொடவில்லை.

இந்தக் காலமெல்லாம் தூதர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். 2013 டிசம்பரில் ஐ.நா. சார்பில் ஆஸ்கர் பெர்னாண்டஸ் டாராங்கோ வந்து இரு கட்சியாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். அதே மாதம் நம் வெளியுறவுச் செயலாளர் சுஜாதா சிங்கும் டாக்கா சென்றார். தேர்தலில் நிற்கும்படி அவர் தம்மைக் கேட்டுக்கொண்டதாக ஜாதீய கட்சித் தலைவர் எர்ஷாத் வெளியில் சொன்னார். அப்போதிருந்தே இந்தியா ஒரு கட்சியின் பக்கம் என்ற பேச்சு அங்கே வலுத்தது.

2023 மே மாதம் அமெரிக்கா வேறு விதமாக இறங்கியது. நியாயமான தேர்தலைக் கெடுப்பவர் ஆளுங்கட்சியாரோ, எதிர்க்கட்சியாரோ, போலீசாரோ, நீதிபதியோ, யாராக இருந்தாலும் விசா கிடையாது என்றது. நவம்பரில் மூன்று கட்சிகளுக்கும் கடிதம் எழுதி, நிபந்தனை இல்லாமல் பேசுங்கள் என்றது. நம் அரசோ அது அந்த நாட்டின் உள்விவகாரம் என்றது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருக்க 2024 ஜனவரி 7ஆம் தேதி தேர்தல் முடிந்தது. ஏழு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 5ஆம் தேதி மாணவர் கிளர்ச்சியில் ஹசீனா பதவி விலகி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கலவரங்களில் 1,400 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. நம் ஊர்ப் பீங்கான் சூளைக்காரரைக் கேளுங்கள். சூட்டை ஏற்றுவதிலும் நிதானம் வேண்டும், இறக்குவதிலும் நிதானம் வேண்டும் என்பார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுப்பெட்டி வழியாக இறங்க வேண்டிய சூடு அது. பதினைந்து ஆண்டு அடைத்து வைத்தால் சூளையே வெடிக்கத்தான் செய்யும்.

அப்படியானால் வெளியார் சொல் வீணா? வீண் என்று நான் சொல்லமாட்டேன். நம் நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் 1953இல் சூடான் நாட்டுக்குப் போய், அங்கே தேர்தல் கமிஷன் தலைவராக இருந்து தேர்தலை நடத்திக் கொடுத்தார். அவரும் அந்த நாட்டுக்கு வெளியார்தான். அவரை அழைத்தார்கள், அதிகாரம் கொடுத்தார்கள். அந்த மண்ணில் அவருக்கு ஒரு கட்சியும் இல்லை. அழையாமல் வந்து ஒரு பக்கம் சாய்ந்து பேசுபவர் பேச்சு எடுபடாது. சாயாமல் பேசினாலும், உள்ளூரில் இரு தரப்பும் நம்பும் தராசு இல்லாவிட்டால் அவரால் எடை போட முடியாது. நம் நாட்டில் 1990 முதல் 1996 வரை டி.என்.சேஷன் சட்டப் புத்தகத்தில் இருந்ததையே எடுத்து நடத்திக் காட்டினார். எந்த வெளிநாட்டுத் தூதரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கடைக்காரனுக்குத் திண்டாட்டம் என்பதை யாரும் சொல்வதில்லை. 2015 ஜனவரியில் பங்களாதேஷில் எதிர்க்கட்சி காலவரையற்ற சாலை மறியல் அறிவித்தது. பஸ்கள் மீதும் லாரிகள் மீதும் பெட்ரோல் குண்டு விழுந்தது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். காய்கறி வயலிலேயே அழுகியது. அதற்கு முன்பே 2013 டிசம்பரில் அங்குள்ள வணிகர் சங்கங்களின் கூட்டமைப்பு, இரண்டு கட்சிகளையும் சண்டையை நிறுத்தச் சொல்லி வெள்ளைக்கொடியோடு தெருவில் நின்றது. தூதர்கள் சொன்னதைவிட அது கனமான சொல் என்பேன். நட்டப்பட்டவனே பேசினான். இரு தரப்பையும் பார்த்துப் பேசினான்.

அதே கூட்டமைப்பு 2023 ஜூலையில் மாநாடு கூட்டியபோது, அதன் மேடையில் வணிகத் தலைவர்கள் ஹசீனாவே மீண்டும் பிரதமராக வேண்டும் என்று பேசினார்கள். ஓராண்டில் ஆட்சி போனது. கூட்டமைப்பின் தலைவரும் விலக நேர்ந்தது. அரசு நியமித்த நிர்வாகி வந்து உட்கார்ந்தார். வெள்ளைக்கொடி பிடித்த கை கட்சிக்கொடி பிடித்ததற்குக் கொடுத்த விலை அது.

பிறரைக் குறை சொல்லும் முன் என் குறையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் உள்ளாட்சித் தேர்தலில், தெரிந்தவர் கேட்டார் என்று என் குடோன் வாசலில் ஒரு கட்சியின் தேர்தல் அலுவலகத்துக்கு இடம் கொடுத்தேன். பதினைந்து நாள்தானே என்று நினைத்தேன். எதிர்க்கட்சிக்காரர்கள் நிறைந்த இரண்டு கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் என்னிடம் சரக்கு எடுப்பதை நிறுத்தினார்கள். அவர்களுடைய பழைய பாக்கி இன்றும் என் பேரேட்டில் வராக்கடனாக இருக்கிறது. பணம் போனது பெரிதில்லை. அதன்பிறகு கடைத்தெருவில் ஒரு தகராறு வந்தபோது சமாதானம் பேசப் போனேன். "அண்ணாச்சி, நீங்க அந்தக் கட்சி ஆளாச்சே" என்று ஒரு சிறு பையன் சொல்லிவிட்டான். அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. பேசாமல் திரும்பி வந்தேன்.

ஆகையால் அடுத்த பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்களை முன்வைக்க விரும்புகிறேன். முதலாவது, தேர்தல் அறிவித்த நாள் முதல் முடிவு வரும் நாள் வரை சங்கக் கட்டடத்தை எந்தக் கட்சிக்கும் தரக்கூடாது. சங்கத்தின் பெயரில் வரவேற்பு வளைவோ, பொன்னாடையோ வேண்டாம். தனிப்பட்ட முறையில் யார் எந்தக் கட்சியில் இருந்தாலும் அது அவரவர் உரிமை. இரண்டாவது, எல்லா வேட்பாளர்களையும் ஒரே நாளில், ஒரே மேடையில் அழைத்து, கடைத்தெருவில் கலவரம் கூடாது, கட்டாயக் கடையடைப்பு கூடாது, கட்டாய நன்கொடை கூடாது என்று ஒரே கோரிக்கையைக் கொடுப்போம். மூன்றாவது, 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் கொண்டுபோனால் பறக்கும் படை பிடிக்கிறது என்று தேர்தல்தோறும் புலம்புகிறோம். சரக்கெடுக்கப் போகும் சிறு வியாபாரி கையில் பில்லும் வங்கிச் சீட்டும் இருக்கும்படி சங்கமே முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாம் நேராக நின்றால்தான் அதிகாரியிடம் நியாயம் கேட்க முடியும்.

சில உறுப்பினர்கள், ஆளுங்கட்சியோடு ஒட்டிக்கொண்டால்தான் காரியம் நடக்கும் என்பார்கள். நடக்கும், மறுப்பதற்கில்லை. ஆட்சி மாறும் வரை நடக்கும். நம் கடைகளோ ஆட்சி மாறின பிறகும் அதே தெருவில்தான் இருக்க வேண்டும்.

நம் கடைத் தராசுக்கு முத்திரை போட அரசாங்கத்து ஆள் வருகிறார். நம் சங்கத்துக்கு முத்திரை போட யாரும் வெளியிலிருந்து வரமாட்டார்கள். அதை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.